ஓட்டுகிறவருக்குத்தான் ஓட்டு

எங்கள் கிளப்பில் அவரை எல்லோரும் மூட்டை என்றுதான் கூப்பிடுவோம். அவர் கோபித்துக்கொண்டதில்லை. சலவைக் கடைக்காரர். வாரம் முழுக்க ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளையும் விடுதித் துண்டுகளையும் மூட்டை மூட்டையாகத் தோளில் ஏற்றி இறக்குவார். ஞாயிற்றுக்கிழமையானால் மச்சானின் சைடுகாரில் ஏறி அவரே மூட்டை ஆகிவிடுவார்.

சைடுகார் பந்தயம் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் மூன்றாவது சக்கரத்தோடு ஒரு தட்டு பொருத்தியிருக்கும். கூரை கிடையாது, இருக்கை கிடையாது, கைப்பிடிகள் மட்டும் உண்டு. ஒருவர் வண்டியை ஓட்டுவார், இன்னொருவர் அந்தத் தட்டில் மண்டியிட்டிருப்பார். வளைவு வந்தால் இவர் உடம்பை வெளியே தொங்கவிட வேண்டும். அடுத்த வளைவு எதிர்ப்பக்கமாக இருந்தால் ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் தாவி மறுபக்கம் தொங்க வேண்டும். தொங்காவிட்டால் வண்டி கவிழும். தொங்கினால் மூக்குக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். அந்த ஒரு சாணில்தான் மூட்டையின் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன.

அவராக விரும்பிப் போய் ஏறியதில்லை. டயர்க் கடைக்காரர் வீட்டுத் திரைச்சீலைகளைத் துவைத்துக் கொடுக்கப் போன இடத்தில் டயர்க் கடைக்காரரின் தங்கையைப் பார்த்தார். அதன் பிறகு அந்த வீட்டுத் திரைச்சீலைகள் அழுக்காகாமலேயே பலமுறை துவைக்கப்பட்டன. விஷயம் அண்ணன் காதுக்குப் போனபோது அவர் ஜாதகம், சம்பளம் எதையும் கேட்கவில்லை. "எடை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். அவருடைய சைடுகாரில் தொங்கிய பழைய கூட்டாளி அப்போதுதான் கழுத்தெலும்பை முறித்துக்கொண்டு விலகியிருந்தார். இவர் எடையைச் சொன்னார். "பொருத்தம்தான்" என்றார் டயர்க் கடைக்காரர்.

அதுவரை மூட்டை மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில்கூட உட்கார்ந்ததில்லை. முதல் பந்தயத்தைக் கண்ணை மூடிக்கொண்டே முடித்தார். மச்சான் "சாய்" என்று கத்துவார், இவர் சாய்வார். "தாவு" என்று கத்துவார், இவர் தாவுவார். பிறகு கண்ணைத் திறக்கப் பழகினார். ஆனால் அந்தக் கத்தலுக்குக் காத்திருக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. எத்தனையோ வருஷமாக அவர்கள் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோதான் வந்தார்கள். தோற்ற காரணத்தை மச்சான் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வருவார். பெரும்பாலும் காரணம் மூட்டைதான்.

எங்கள் கிளப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களை விட வயதான மோட்டார் சைக்கிள்களை வைத்துக்கொண்டு, கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் பந்தயம் விடுகிறவர்கள் நாங்கள். வண்டிகள் ஓடும் நேரத்தை விட ஸ்டாண்டில் நிற்கும் நேரம் அதிகம். ஓடுதளத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதுதான் அலுவலகம், ஒர்க்‌ஷாப், டீ குடிக்கும் இடம், சண்டை போடும் இடம் எல்லாம். நான் பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறேன். சைடுகார் இல்லாத தனி வண்டிக்காரன். ஆகவே நடந்ததை ஓரமாக நின்று பார்க்க முடிந்தது.

டயர்க் கடைக்காரர்தான் எங்கள் தலைவர். தேர்தல் வருஷா வருஷம் உண்டு. "வேற யாராவது நிக்கிறீங்களா?" என்று அவரே கேட்பார். அப்படிக் கேட்கும்போது ஒவ்வொருவர் முகத்தையும் தனித்தனியாகப் பார்ப்பார். யாரும் நின்றதில்லை.

வினை ஒரு கோட்டில் ஆரம்பித்தது. பந்தயத்தில் நாங்கள் போடும் கறுப்புக் கோட்டை மாற்றி, பாலாடை நிறத்தில் தைக்க வேண்டும் என்று தலைவருக்கு ஆசை வந்தது. போட்டோவில் எடுப்பாக இருக்குமாம். அந்தக் கோட்டுகளையெல்லாம் ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் இலவசமாகத் துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் மூட்டை. தரையோடு தரையாகத் தொங்கிச் சேற்றை வாங்கிக்கொள்வதும் அவரைப் போன்றவர்கள்தான். கை தூக்கச் சொன்னபோது சைடுகாரில் தொங்குகிற ஏழு பேரும் வேறு சிலரோடு சேர்ந்து எதிர்த்துத் தூக்கினார்கள். மூட்டையின் கை கடைசியாக, பாதி உயரத்துக்கு மட்டும் எழுந்தது. அந்தப் பாதிக் கையால் பாலாடை தோற்றது.

தலைவர் ஒரு மாதம் கிளப் விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அடுத்த கூட்டத்தில் ஒரு திருத்தத்தோடு வந்தார்.

"இது மோட்டார் சைக்கிள் கிளப். வண்டி ஓட்டுறவங்க கிளப். ஓட்டுறவங்களுக்குத்தான் ஓட்டு. சொல்லிலேயே இருக்கு, பாருங்க."

கணக்கு டீச்சர் எழுந்தார். பேக்கரிக்காரரின் மனைவி. கணவர் ஓட்டும் சைடுகாரில் தொங்குபவர். "அப்போ நாங்க யாரு?"

"நீங்க கூட வர்றவங்க. துணை உறுப்பினர். டீ உண்டு, கோட் உண்டு, ஓட்டு மட்டும் கிடையாது."

"எங்க எடை இல்லாம வண்டி திரும்புமா?"

"எடைதானேம்மா வேணும்? அந்தத் தட்டுல மனுஷன் இருந்தாலும் ஒண்ணுதான், மணல் மூட்டையை வெச்சாலும் ஒண்ணுதான். மணல் மூட்டை எதுத்து ஓட்டுப் போடாது."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். மூட்டையும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, கையிலிருந்த டீக் கோப்பையின் விளிம்பைக் கட்டை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தார். மூட்டை என்று நாங்கள் கூப்பிட்டபோதெல்லாம் சலவை மூட்டையைத்தான் சொல்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் விஷயத்தில் தாங்களே ஓட்டுப் போடுவது முறையல்ல என்று தலைவர் அடுத்த குண்டைப் போட்டார். அந்த ஏழு பேரையும் கொட்டகைக்கு வெளியே நிற்க வைத்துவிட்டுத் திருத்தத்தை நிறைவேற்றிக்கொண்டார்.

மறுநாள் மாலை ஏழு பேரும் சலவைக் கடையில் கூடினார்கள். ஆவியும் சோப்பு வாசனையும் நிறைந்த இடம். உட்கார நாற்காலி இல்லாததால் ஆளுக்கொரு துணி மூட்டை மேல் உட்கார்ந்தார்கள். டீச்சர் விதிகளைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். ஓட்டுப் போடும் உரிமைதான் பறிபோயிருக்கிறது, தேர்தலில் நிற்கும் உரிமையைப் பற்றித் திருத்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆக வருகிற தேர்தலில் நம்மில் ஒருவர் தலைவர் பதவிக்கு நிற்கலாம் என்றார். யார் நிற்பது என்று பேச்சு வந்த நேரத்தில் உலர்த்தும் இயந்திரம் மணி அடித்தது. மூட்டை அதை நிறுத்த உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

"நானா? என் மச்சானை எதுத்தா?"

"உங்களுக்குத்தான் எல்லார் கோட்டு அளவும் தெரியும்" என்றார் டீச்சர். அது ஒரு காரணமே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

வீட்டில் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். அந்த அம்மா ஏற்கெனவே தெரிந்துகொண்டு காத்திருந்தார்.

"எங்க அண்ணனை எதுத்தா நிக்கப் போறீங்க?"

"நிக்கச் சொல்லிட்டாங்க."

"ஜெயிப்பீங்களா?"

"தெரியலையே."

"நின்னா ஜெயிக்கணும். தோத்துட்டு வந்தீங்கன்னா, அண்ணன் அதைச் சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டும். நான்தான் அதைக் கேட்டுக்கிட்டு இருக்கணும்."

அன்றிலிருந்து மச்சானும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் வண்டி ஒன்றுதான், பயிற்சிக்கு இரண்டு பேருமே போயாக வேண்டும். வேறு யாரும் தலைவருடைய தட்டில் ஏறத் தயாராக இல்லை. கொள்கை ஒரு காரணம், அவர் ஓட்டும் அழகு இன்னொரு காரணம். ஆகவே தங்கையும் பயிற்சிக்கு வந்தார். கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு தலைவர், "இடது பக்கச் சக்கரத்துல காத்து கம்மியா இருக்குன்னு அவர்கிட்டச் சொல்லு" என்பார். தங்கை திரும்பி, "காத்து கம்மியாம்" என்பார். "நேத்தே அடிச்சாச்சுன்னு சொல்லு" என்பார் மூட்டை. "அடிச்சாச்சாம்." "சரி, வந்து ஏறச் சொல்லு." "ஏறணுமாம்." பயிற்சி முடிவதற்குள் அந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிடும்.

தேர்தலை நடத்தும் பொறுப்பு மாட்டு டாக்டரிடம் இருந்தது. கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி கிடையாது, பந்தயமும் விடமாட்டார். சத்தம் கேட்கப் பிடிக்கும் என்று கிளப்புக்கு வருகிறவர். எந்தப் பக்கமும் சாயாதவர் என்பதால் நடுவராக்கியிருந்தோம். அவரிடம் தலைவரின் முதல் புகார் போனது. வேட்பாளர் ஒருவர் உறுப்பினர்களின் கோட்டுகளை இலவசமாகத் துவைத்துக் கொடுப்பது வாக்காளர்களை வளைக்கும் செயல் என்றார்.

"அவர் எப்பவுமே துவைக்கிறவர்தானே?" என்றார் டாக்டர்.

"எப்பவும் அவர் வேட்பாளர் இல்லையே."

டாக்டர் விதிகளைப் பிரித்தார். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். கடைசியில், தேர்தல் முடியும்வரை எந்தக் கோட்டையும் சலவைக் கடையில் துவைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

தலைவர் செய்த பெரிய தப்பு அதுதான். அந்த மாதம் பார்த்து மழை. ஓடுதளம் முழுக்கச் சேறு. தடித்த துணியில் தைத்து, உள்ளே பஞ்சு வைத்த கோட்டுகள் அவை. வீட்டு வாளிக்குள் அடங்காது, வெளியே போட்டால் காயாது. மூன்று பயிற்சிகள் கழிந்ததும், கோட்டைக் கொட்டகைக்குள் கொண்டுவரக் கூடாது என்று நாங்களே விதி போட்டோம். என் கோட்டை என் மனைவி கார் ஷெட்டில்கூட அனுமதிக்கவில்லை. பேக்கரிக்காரர் தன் கோட்டைக் கடையின் பின்பக்கம் மாட்டப்போய், ஒரு நாள் ரொட்டி விற்பனையே படுத்துவிட்டது. தலைவருடைய நிலைமை இன்னும் மோசம். அவர் வீட்டு அம்மா கோட்டைத் துவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். "துவைச்சவரை நீங்கதானே நிறுத்தினீங்க? நீங்களே முகர்ந்துக்கிட்டு இருங்க" என்றாராம். மூட்டை ஒரு ஓட்டுக்கூடக் கேட்கவில்லை. எங்கள் மூக்குகளே அவருக்காகப் பிரசாரம் செய்தன.

ஒரே ஒரு முறைதான் மேடை ஏறினார். தலைவர் முக்கால் மணி நேரம் தன் சாதனைகளைப் பேசி முடித்த பிறகு இவரைக் கூப்பிட்டார்கள். கடையில் துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். ஆனால் இயந்திரச் சத்தம் இல்லாத இடத்தில் பேச்சு வரவில்லை. "நான் தொங்கிக்கிட்டு வர்றவன். தொங்குறவனுக்கும் ரோடு தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வேறு எதுவும் வராததால் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்குக் கைதட்டத் தோன்றியது. பேச்சு குறைவாக இருந்ததற்காகக் கைதட்டினவர்களும் உண்டு.

தேர்தல் நாள் வந்தது. எங்கள் வழக்கப்படி காலையில் பந்தயம், மதியம் தேர்தல். மழை விட்டிருந்தது. சைடுகார் பந்தயம் கடைசியில் இருந்ததால் நாங்கள் எல்லோரும் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் வளைவிலேயே ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. தலைவர் கத்தவில்லை. பேச்சு இல்லை என்று முடிவெடுத்தவர் "சாய்" என்று கத்தினால் அது பேச்சாகிவிடும் அல்லவா. மூட்டை ஒரு கணம் பழக்கத்தில் காத்திருந்தார். கத்தல் வரவில்லை, வளைவு மட்டும் வந்தது. உடம்பு தானாகச் சாய்ந்தது. அடுத்த வளைவில் காத்திருக்கவே இல்லை. வண்டி திரும்புவதற்கு அரைக் கணம் முன்னாலேயே அவர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தார். அந்த வண்டி அப்படித் திரும்பி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஐந்தாவது இடம் நான்காவதானது, நான்காவது மூன்றாவதானது. கடைசிச் சுற்றில், முதலாவதாகப் போன பேக்கரிக்காரரின் வண்டிக்கு அடுத்ததாக இவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"எங்க அண்ணன் வாயை மூடியிருந்தா இத்தனை வருஷத்துல எத்தனை கோப்பை வந்திருக்கும்" என்று பக்கத்தில் நின்ற அந்த அம்மா என்னிடம் சொன்னார்.

சொல்லி வாயை மூடவில்லை, முடிவுக் கோட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் அவர்கள் வண்டி இருமியது. இன்னொரு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. பெட்ரோல் காலி. தலைவர் ஊற்றியிருப்பார் என்று மூட்டை நினைத்திருக்கிறார், மூட்டை ஊற்றியிருப்பார் என்று தலைவர் நினைத்திருக்கிறார். கேட்டுச் சொல்ல வேண்டிய ஆள் காலையில் பெட்ரோல் ஊற்றுகிற நேரம் பார்த்து டீ வாங்கப் போயிருந்தார்.

பின்னால் மூன்றாவது வண்டியின் சத்தம் கேட்டது. தலைவர் குதித்து இறங்கி வண்டியின் பின்னால் ஓடினார். "ஹேண்டிலைப் பிடி மாப்ள" என்றார். மூட்டை வேட்பாளரான நாளிலிருந்து அவர் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. மூட்டை தட்டிலிருந்து தாவி, வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சீட்டில் உட்கார்ந்தார். தலைவர் தள்ளினார். கனத்த உடம்பு, கனத்த வண்டி, சேற்றில் வழுக்கும் பூட்ஸ். முகம் தக்காளி போலச் சிவந்திருந்தது. மூட்டை ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார். மூன்றாவது வண்டி ஒரு கை நீளம் பின்னால் வந்தது. தலைவருக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் இரண்டாமிடம்.

தலைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள் கணக்கு டீச்சர் மாட்டு டாக்டரிடம் போய்விட்டார். கோட்டைத் தாண்டியபோது வண்டியை ஓட்டியது மூட்டை. ஓட்டுகிறவருக்குத்தான் ஓட்டு. ஆக மூட்டைக்கு ஓட்டு உண்டு என்றார்.

"ஓட்டுறதா அது? இன்ஜினே ஓடல. நான் தள்ளினேன், அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்" என்றார் தலைவர்.

மாட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. அவர் ஓட்டலன்னா அப்போ வண்டியை யார் ஓட்டினாங்க?"

"யாரும் ஓட்டல. அது உருண்டுச்சு."

"யாரும் ஓட்டாம உருண்டு வர்ற வண்டிக்கு விதிப்படி இடம் கிடையாது. இரண்டாமிடத்தை மூணாவதா வந்தவங்களுக்குக் கொடுத்துடலாமா?"

தலைவர் மேஜை மேல் இருந்த கோப்பையைப் பார்த்தார். சின்னக் கோப்பைதான், ஒரு பக்கக் காது லேசாகக் கோணல். ஆனாலும் அதை அவர் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கைக்குழந்தையைப் பிடுங்கிக்கொள்வது போல அதை எடுத்து இடுக்கிக்கொண்டார்.

"ஓட்டினார். மாப்பிள்ளைதான் ஓட்டினார். நல்லாவே ஓட்டினார். ஒரு ஓட்டுதானே, போட்டுட்டுப் போகட்டும்."

மதியம் தேர்தல் நடந்தது. ஸ்பேனர்கள் வைக்கும் மரப் பெட்டியைக் காலி செய்து ஓட்டுப் பெட்டியாக வைத்திருந்தோம். கொட்டகையின் மூலையில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு மறைப்பு. அந்த விரிப்பும் சலவைக் கடையிலிருந்து வந்தது என்று தலைவர் ஆட்சேபித்தார். அழுக்கு விரிப்புதான், துவைக்கவில்லை என்று டாக்டர் முகர்ந்து பார்த்து உறுதி செய்தார். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தோம். தலைவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு போனார், ஒரு நொடியில் வந்துவிட்டார். மூட்டை போனார். விரிப்புக்குக் கீழே அவருடைய கால்கள் தெரிந்தன. அவை ரொம்ப நேரம் இப்படியும் அப்படியும் மாறி மாறி நின்றன. வெளியே வந்தபோது அவருக்கு வியர்த்திருந்தது.

டாக்டர் எண்ணினார். மறுபடி எண்ணினார். ஆளுக்குப் பன்னிரண்டு. சரிசமம்.

சமமாக வந்தால் பதவியில் இருக்கும் தலைவர் ஒரு ஓட்டைப் போட்டு முடிவு செய்யலாம் என்று விதி. யாரோ எப்போதோ பாலாடை நிறம் போன்ற விஷயங்களுக்காக எழுதி வைத்தது. டாக்டர் அதை வாசித்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார். கொட்டகையில் எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். பெருந்தன்மையாக ஏதாவது செய்வார் என்று எதிர்பார்த்தவர்கள் அவரைத் தெரியாதவர்கள்.

"எனக்கு" என்றார் தலைவர்.

அப்படித்தான் எங்கள் தலைவர் மறுபடியும் தலைவரானார்.

சலவைக் கடை வேனில் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்குப் போனார்கள். வழியில் நடந்ததை அந்த அம்மா பிறகு ஊருக்கே சொன்னார். "ஒரே ஒரு ஓட்டுங்க. எவன் கையோ ஒண்ணு மாறியிருந்தா நீங்க தலைவர். எந்தப் பாவி மாத்திப் போட்டானோ" என்று அந்த அம்மா புலம்பிக்கொண்டே வந்திருக்கிறார். மூட்டை வேனை ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறார். மூன்றாவது தடவை பாவி என்றதும் வேனை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"அது நான்தான்."

"எது?"

"அந்தப் பாவி."

அந்த அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வேனிலிருந்து இறங்கி, கதவைச் சாத்தி, வீடுவரை நடந்தே வந்தார். பின்னாலேயே வேன் ஊர்ந்து வந்தது.

செய்தி தலைவருக்குப் போக ஒரு நாள் ஆனது. அவர் நேராகச் சலவைக் கடைக்கு வந்தார். நான் அன்று அங்கே பூட்டு மாற்றிக்கொண்டிருந்தேன், அதனால் இதைக் காதால் கேட்டேன்.

"மாப்ள, நீ எனக்கா போட்ட?"

"ஆமா மச்சான்."

"ஏன்?"

"எனக்கு நானே போட்டுக்க ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு."

"நான் போட்டுக்கிட்டேனே."

"நீங்க பழகினவங்க."

"ரெண்டு தடவை போட்டுக்கிட்டேனேடா."

மூட்டை இஸ்திரி போட்ட விரிப்பை நான்காக மடித்தார். எட்டாக மடித்தார். "கோட்டை எடுத்துட்டு வந்திருந்தா குடுங்க மச்சான். வாசல் வரைக்கும் வாடை அடிக்குது" என்றார்.

தலைவர் உட்கார இடம் தேடினார். ஒரு மூட்டை மேல் மெல்ல இறங்கியவர் "ஐயோ" என்று உடனே எழுந்துவிட்டார். வண்டியைத் தள்ளியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது விடவே இல்லை. நிற்கலாம், படுக்கலாம், உட்கார மட்டும் முடியாது. எந்த நாற்காலிக்காக அத்தனை பாடுபட்டாரோ அந்த நாற்காலியில் அவரால் ஒரு நிமிடம் உட்கார முடியவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தை ஒர்க்‌ஷாப் பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டு நடத்தினார். எதிரில் இருப்பவர்களின் முழங்கால்களைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. "யாரு பேசறது? பழுப்புப் பேண்ட்டா?" என்று கேட்டுக்கொண்டே கூட்டத்தை நடத்தினால் மரியாதை எங்கே நிற்கும்?

இடுப்பு வலியாலா, அந்த ஓட்டு உறுத்தியதாலா தெரியவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு சிறப்புக் கூட்டம் கூட்டினார். நின்றுகொண்டே பேசினார். தட்டில் தொங்குகிறவர்களும் ஒருவகையில் வண்டி ஓட்டுகிறவர்கள்தான், இந்தக் கருத்து தனக்கு வெகு நாளாகவே உண்டு, அவர்களுக்கு ஓட்டுரிமை கொடுப்பதற்காகவே தான் போராடிவந்தது என்றார். கணக்கு டீச்சர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேக்கரிக்காரர் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். திருத்தம் கைதட்டலோடு ரத்தானது. கையோடு ராஜினாமாவையும் சொல்லிவிட்டு, "மாப்பிள்ளையைத் தவிர வேற யாரையும் நான் நம்பமாட்டேன்" என்று முடித்தார். மறுபடி தேர்தல் வைத்தோம், ஏழு பேரும் ஓட்டுப் போட்டார்கள், மூட்டை நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்தத் தடவை மறைப்புக்குள் அவர் போனபோது விரிப்புக்கு இந்தப் பக்கம் மனைவி நின்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

நல்ல தலைவராக இருந்தாரா என்று கேட்டால் சொல்வது கஷ்டம். யார் பேசினாலும் குறுக்கிட மாட்டார். முன்பு ஒரு மணி நேரத்தில் முடிந்த கூட்டம் இப்போது டீ இரண்டு சுற்று வந்த பிறகுதான் சூடு பிடிக்கும். ஓடுதளத்தின் பள்ளத்தை யார் அடைப்பது என்று மூன்று கூட்டம் விவாதித்தோம். மூன்றாவது கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது அவரே வெளியே போய், வேனிலிருந்து ஜல்லியை இறக்கி அடைத்துவிட்டு வந்து, "அப்புறம் என்ன முடிவாச்சு?" என்று கேட்டார். கோட்டுகள் கறுப்பாகவே இருக்கின்றன, வாசனையாக இருக்கின்றன.

பழைய தலைவர் ஒரு கூட்டம் தவறுவதில்லை. சுவரோரமாக நின்றுகொண்டு ஒவ்வொன்றையும் ஆட்சேபிப்பார். உட்கார முடியாதவர் என்பதால் அவரை யாரும் உட்காரச் சொல்லவும் முடியவில்லை. "மச்சான் சொல்றதுலயும் விஷயம் இருக்கு" என்பார் மூட்டை. எதில் இருக்கிறது என்று சொல்ல மாட்டார்.

வண்டியை இப்போது தங்கை ஓட்டுகிறார். அண்ணன் இடுப்பைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடுதளத்தில் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார், பிறகு சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மூட்டை வழக்கம் போலத் தட்டில் தொங்குகிறார். போன பந்தயத்தில் நான்காவதாக வந்தார்கள். வளைவில் வைக்கோல் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன், "சாய், சாய்" என்று கத்திய கத்தலில் முன்னால் போன வண்டிக்காரர்கள் சாய்ந்துவிட்டார்கள்.

"அண்ணன் கத்தினது கேட்டுச்சா?" என்று பந்தயம் முடிந்ததும் அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"கேட்டுச்சு" என்றார், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. "அடுத்த தடவை காதுல பஞ்சு வெச்சுக்கணும்."